ஆவரேஜ் வந்துடுச்சு, ஆப்சென்ட் ஆனவர் எங்கே?

டிபிஎம்எஸ் லேப்ல கவுன்ட், சம், ஏவிஜி எல்லாம் எல்லாரும் எழுதியிருப்போம். ஒரு லைன் எழுதினா விடை வந்துடும். எரர் வரலைன்னா விடை சரின்னு நம்பிடுவோம். மினி ப்ராஜெக்ட்ல நானும் அப்படித்தான் ஏமாந்தேன். நீங்க ஏமாறக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

'இன்டர்னல்' என்று ஒரு டேபிள். ரோல் நம்பர், மார்க் என இரண்டே நெடுவரிசைகள். 50-க்கு ஐந்து பேர் வாங்கிய மார்க்:

1 – 40
2 – 30
3 – 20
4 – 0
5 – நல்

நாலாவது ஆள் பரீட்சை எழுதி முட்டை வாங்கியவர். ஐந்தாவது ஆள் பரீட்சைக்கே வரலை. நல் என்றால் பூஜ்யம் இல்லை. அங்கே மதிப்பே இல்லை என்று அர்த்தம். இப்போ ஃபங்ஷன்களை ஓட்டிப் பாருங்க:

கவுன்ட்(*) – 5
கவுன்ட்(மார்க்) – 4
சம்(மார்க்) – 90
ஏவிஜி(மார்க்) – 22.5

கவுன்ட்(*) எல்லா ரோவையும் எண்ணும். மற்ற மூன்றும் நல்லைக் கண்டுக்காம தாண்டிப் போயிடும். அதனால்தான் 90-ஐ 5-ஆல் வகுக்காமல் 4-ஆல் வகுத்திருக்கு.

இதுல என்ன பெரிய பிரச்சினை? சராசரிக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஸ்பெஷல் கிளாஸ்னு வச்சுக்கோங்க. கண்டிஷன் இப்படி எழுதுவோம்:

வேர் மார்க் < (செலக்ட் ஏவிஜி(மார்க்) ஃப்ரம் இன்டர்னல்)

பட்டியலில் 3, 4 வரும். 5 வராது! நல்லை எதோட ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, 'அன்னோன்'. உண்மையான ரோவை மட்டும்தான் வேர் உள்ளே விடும். யாருக்கு அந்த கிளாஸ் முக்கியமா தேவையோ, அவர் பெயரே விட்டுப்போச்சு.

இதுக்குத்தான் கோயலெஸ். கொடுத்த மதிப்புகளில் நல் இல்லாத முதல் மதிப்பை அது திருப்பித் தரும். இரண்டு இடத்திலும் மார்க்குக்குப் பதில் கோயலெஸ்(மார்க், 0) போட்டால் சராசரி 18. பட்டியல் 4, 5 என மாறிடும். 20 மார்க் வாங்கியவர் இப்போ தப்பிச்சுட்டார்.

அப்போ எது சரி? அதை ஃபங்ஷன் சொல்லாது, காலேஜ் விதிதான் சொல்லணும். ஆப்சென்ட் என்றால் பூஜ்யம் என்பது விதி என்றால் கோயலெஸ் சரி. ரீடெஸ்ட் உண்டு என்றால் 22.5-ஐ அப்படியே வச்சுக்கிட்டு, கடைசியில் 'ஆர் மார்க் இஸ் நல்' சேருங்க. 3, 4, 5 மூவரும் வருவாங்க. அங்கே '= நல்' எழுதிடாதீங்க, ஒரு ரோவும் கூடுதலா வராது.

ஆரக்கிளில் என்விஎல், மைஎஸ்கியூஎல்லில் இஃப்நல் என்று இதே வேலைக்கு வேறு ஃபங்ஷன்களும் உண்டு. கோயலெஸ் இரண்டிலும் ஓடும், அதனால் அதையே பழகிக்கோங்க. இன்னொரு விஷயம்: எஸ்கியூஎல் சர்வரில் மார்க் இன்டிஜர் டைப்பாக இருந்தால் ஏவிஜி 22.5 தராது, வெறும் 22 தரும்.

இனிமே ஏவிஜி எழுதும் முன்னாடி கவுன்ட்(*), கவுன்ட்(மார்க்) இரண்டையும் ஒரு தடவை ஓட்டுங்க. எண்கள் வேற வேறயா இருந்தா, யாரோ ஒருத்தர் கணக்கில் இல்லைன்னு அர்த்தம். அவர் யார்னு பார்த்துட்டு அடுத்த லைனுக்குப் போங்க.