கோடியக்கரை பேருந்தில் மாற்றுத்திறனாளிகள்

1. வேதாரண்யம்–கோடியக்கரை சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அடையாள அட்டையைக் காட்டிக் கட்டணமில்லாப் பயணச்சீட்டைக் கேட்டு வாங்கவும். துணைக்கு வரும் ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் கிடையாது.

2. நாகப்பட்டினத்துக்கோ தஞ்சாவூருக்கோ அரசுப் புறநகர்ப் பேருந்தில் போவோர், நடத்துநர் சீட்டுக் கிழிப்பதற்கு முன்பே அட்டையை நீட்டவும், சலுகை 75%.

3. வழியில் ஏறுவதைவிட வேதாரண்யம் நிலையத்திலேயே ஏறவும். படிகள் உயரம்; வண்டி நிற்கும்போதுதான் சக்கர நாற்காலியை மடித்து ஏற்ற அவகாசம் கிடைக்கும்.

4. ஆடி, தை அமாவாசைக் காலையைத் தவிர்க்கவும். கடலாட வரும் கூட்டத்தில் ஒதுக்கப்பட்ட இருக்கை பெயருக்குத்தான்.

5. ஏற்ற மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். வண்டியின் பதிவெண், தேதி, நேரம், நிறுத்தத்தின் பெயர் ஆகியவற்றைக் குறித்து, நாகப்பட்டினம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ஒப்புகை பெறவும். வாய்மொழிப் புகாருக்குத் தடயம் இராது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவை மனுவில் குறிப்பிடவும். பேருந்து நிறுத்தம், கழிப்பறை, பயணச்சீட்டு முகப்பு வரை அணுகல் வசதி செய்யச் சொல்வது அதுதான்.

6. பேருந்துக்குப் பதில் அகஸ்தியம்பள்ளி ரயிலில் போகும்போது சிக்கல் என்றால் ரயில்வே உதவி எண் 139-ஐ அழைக்கவும்.

7. பலர் முன்னிலையில் வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் காவல் நிலையத்துக்குப் போகவும். அதே 2016 சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.