சங்கத்துள் மறைந்த மாசு

உதானத்திலும் விநயத்தின் சுல்லவக்கத்திலும் வரும் ஒரு வரலாற்றை இம்முறை பாடமாகக் கொள்வோம்.

சிராவஸ்தி நகரின் கீழ்த்திசையில் விசாகை என்னும் உபாசிகை கட்டுவித்த விகாரை பூர்வாராமம். அங்கே ஓர் உபோசத இரவில் பிக்ஷுக்கள் கூடி, பகவான் பாதிமோக்கம் ஓதுவாரெனக் காத்திருந்தனர். பகவானோ வாய் திறந்திலர். முதல் யாமம் கழிந்ததும் ஆனந்தர் வணங்கி வேண்டினார். நடு யாமம் கழிந்ததும் வேண்டினார். கடை யாமமும் கழிந்து கிழக்கு வெளுத்தபோது மூன்றாம் முறை வேண்டினார். கூட்டத்தில் மாசு இருப்பதைப் பகவான் அப்பொழுதே வெளியிட்டார்.

பார்வைக்குக் குறையேதுமில்லை. எல்லாரும் சீவரம் தரித்து அடங்கி அமர்ந்திருந்தனர். மகா மொக்கல்லானர் தம் சித்தத்தால் ஆராய்ந்து, ஒழுக்கங்கெட்டும் துறவிபோல் நடித்த ஒருவனைக் கண்டு, எழுந்து போகுமாறு மும்முறை கூறினார். அவன் பேசாதிருந்தான். பின்னர் அவனைக் கைப்பற்றி வெளியேற்றிக் கதவைத் தாழிட்டார்.

அம்மௌனத்தின் கொடுமையை உணர, ஓதும் முறையை அறிய வேண்டும். தூயவர்களோ என்று மும்முறை கேட்கப்படும். பேசாதிருப்பதே தூய்மைக்குச் சான்று. ஆதலின் குற்றத்தை நினைவிற்கொண்டும் வாய்மூடியிருப்பவன் அறிந்தே பொய்யுரைத்தவனாகிறான். பகவான் ஓதியிருப்பின் அப்பொய்க்குச் சங்கம் முழுவதும் சான்றாகியிருக்கும்.

அவ்வேளையில்தான் கடலின் எட்டு அற்புதங்களைப் பகவான் விளக்கினார். கங்கையும் யமுனையும் கடலிற் கலந்து பெயரிழத்தல்போல் நால்வருணத்தாரும் சங்கத்தில் பெயரிழப்பர் என்பது நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. கடல் பிணத்தைத் தன்னுள் வைத்திராது கரையில் ஒதுக்கும் என்பதும் அதே உவமைத் தொகுதியில் உள்ளதே. அதை எடுத்துரைப்பார் சிலர். ஜாதியில்லை என்று முழங்கிவிட்டுப் பெண் கேட்கும்போது உட்பிரிவை விசாரிப்பதும், சங்கப் பணத்துக்குக் கணக்குக் காட்டாமையும் எங்கேனும் நிகழுமாயின், வெளியார் நகைப்பரென்று அஞ்சி மூடிவைக்கிறோம். (ஆலையில் நாம் கண்டதுண்டு: அறுந்த இழையை உள்மடிப்பில் மறைத்தால், கடைக்காரன் துணியை விரிக்கும்வரைதான் அது மறையும்.)

அப்படியாயின் ஐயங்கொண்டாரையெல்லாம் கைப்பற்றி இழுக்கலாமோ எனின், ஆகாது. குற்றஞ்சாட்டுவோன் தக்க காலத்தில், உள்ளதை, மென்சொல்லால், நன்மை கருதி, அன்புள்ளத்தோடு கூறவேண்டும் என்று விநயம் ஐந்து விதிகளை வகுக்கிறது. தன் ஒழுக்கத்தையும் முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆதாரமின்றித் தடுத்தலும் குற்றமே.

அவ்விரவுக்குப் பின் பகவான் பாதிமோக்கம் ஓதவில்லை; அப்பொறுப்பைப் பிக்ஷுக்களிடமே விட்டுவிட்டார்.