ஸ்போர்ட்ஸ் கன்வெர்ட்டர் மாட்டலாமா?

கேள்வி: என் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 காருக்கு ஸ்போர்ட்ஸ் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மாட்டச் சொல்கிறார் ட்யூனர். பவர் கூடுமா?
- வாசகர், கோவை

பதில்: கூடும். ஆனால் அதை மட்டும் மாற்றினால் வித்தியாசம் கொஞ்சம்தான்; ஈசியூ (என்ஜின் கம்ப்யூட்டர்) ரீமேப்பும் சேர்ந்தால்தான் நன்றாகத் தெரியும்.

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு மாதிரி நுண்துளைகள் இருக்கின்றன. கம்பெனி கன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் சதுர அங்குலத்துக்கு 400 முதல் 600 துளைகள். ஸ்போர்ட்ஸ் வகையில் 200, சிலவற்றில் 100. துளை பெரிதானால் புகை தடையின்றி வெளியேறும், டர்போவும் சீக்கிரம் வேகமெடுக்கும். ஆனால் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய பரப்பில் புகை படுவது குறைந்து, சுத்திகரிப்பும் குறைந்துவிடும். விலை மலிவான சரக்கில் அந்தப் பூச்சே பேருக்குத்தான் இருக்கும். வாங்குவதென்றால் வட்டத்துக்குள் 'இ' முத்திரை உள்ள, பெயர்பெற்ற தயாரிப்பையே வாங்குங்கள்.

சுத்திகரிப்பு குறைந்தால் பின்பக்க ஆக்சிஜன் சென்சார் கண்டுபிடித்துவிடும். பி0420 என்ற கோடு விழுந்து செக் என்ஜின் லைட் எரியும். சென்சாருக்கு ஸ்பேசர் வைத்தோ, சாஃப்ட்வேரிலோ அந்த லைட்டை அணைத்துத் தருவார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். உங்களுக்குப் பின்னால் பைக்கில் வருகிறவர்தான் அந்தப் புகையைச் சுவாசிக்கிறார். மாசு விதியை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதம், 3 மாதம் வரை சிறையும் உண்டு.

மாட்டும்போது கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். அந்த இணைப்பில் லீக் இருந்தாலும் சென்சார் தப்புக் கணக்குக் காட்டும். கழற்றிய ஒரிஜினலை விற்றுவிடாமல் பத்திரமாக வையுங்கள்.