பொருளும் பரலோகப் பொக்கிஷமும்

கேள்வி: பூமியில் பொக்கிஷம் சேர்க்கலாகாது என்று இயேசுநாதர் போதித்திருக்க, செல்வமுள்ள கிறிஸ்தவன் தன் ஆஸ்தி முழுவதையும் துறந்தால்தான் இரட்சிப்படைவானா?

பதில்: விலையுயர்ந்த ஆடைகளும் தானியமும் நாணயங்களுமே செல்வமாயிருந்த அக்காலப் பாலஸ்தீனத்தில், பெட்டியிலிருந்த ஆடையைப் பூச்சி அரிப்பதையும், மண்சுவரில் கன்னமிட்டுக் கள்வர் புகுவதையும் கண்ணாரக் கண்டிருந்த ஜனங்களுக்கே, அழியும் பொருளில் இருதயத்தை வைக்க வேண்டாமென்று மலைப்பிரசங்கத்தில் அவர் உபதேசித்தார். ஆயினும், ஐசுவரியவானான வாலிபனிடம் யாவற்றையும் விற்றுத் தரித்திரருக்குக் கொடுக்கச் சொன்ன அவரே, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்கு அளித்து, அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்புவதாக உறுதி கூறிய சகேயுவின் வீட்டிற்கும் இரட்சிப்பு வந்ததென்று அறிவித்தார். ஆகையால் இங்கே பிரதானமாவது கொடையின் அளவன்று, பற்றறுதலே.

சுமார் 1206-ஆம் ஆண்டில், அசிசி நகரத்து ஆயரின் முன்னிலையில், உடுத்தியிருந்த ஆடைகளையும் களைந்து, துணி வணிகரான தம் தந்தையிடம் ஒப்புவித்து நின்ற பிரான்சிஸ், பூரணத் துறவின் சிகரம். அச்சிகரத்தை எட்டமாட்டாத நாம், சகேயுவைப் போல, நம்மிடமுள்ள பிறர் பொருளை முதலில் திருப்பிக் கொடுத்து, எஞ்சியதைத் தேவன் நம்மை நம்பி ஒப்படைத்ததாகக் கருதி, பசித்தவனோடு பகிர்ந்துண்போமானால், பரலோகப் பொக்கிஷம் அன்றே சேரத் தொடங்கும் என்பது என் திடமான விசுவாசம்.