முகம் பார்த்துப் பேசும் பழக்கம்: பாசிக்குடாப் பயணத்தில் படித்த பாடம்



சென்ற ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளைகள் சிலரை அழைத்துக்கொண்டு நாங்கள் பாசிக்குடாவுக்குப் போய் வந்தோம். சுற்றுலா இல்லை, வேலை விஷயமாகத்தான். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் அந்தக் கடற்கரையில் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக எழும்பியுள்ளன. கொழும்புக் கடைகளுக்குப் போவதைப் போல நமது பிள்ளைகள் ஹோட்டல் வேலைகளுக்கும் போகத் தொடங்கிவிட்டார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஐந்து நாள் தங்கி வருவதாக ஏற்பாடு செய்தோம்.

பதுளையிலிருந்து பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கி, வாழைச்சேனை தாண்டிப் போக வேண்டும். நாங்கள் சிறுபிள்ளைகளாய் இருந்த காலத்தில் கதிர்காமத்துக்கு லொறியில் போனால் தப்பும் பாட்டுமாகத் தொண்டை கட்டிப்போகும். இந்தப் பயணத்தில் பஸ்ஸுக்குள் ஒரே அமைதி. ஒவ்வொரு காதிலும் ஒரு வயர். ஒரு பிள்ளை, பக்கத்து சீட்டில் இருக்கிற சினேகிதிக்கே வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுகிறது. அவள் அதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, யோசனையும் வந்தது.

மறுநாள் காலை நேர்முகப் பரீட்சை. கேள்விகள் கஷ்டமானவை அல்ல. எந்த ஊர், வீட்டில் யார் யார், ஏன் இந்த வேலைக்கு வர விரும்புகிறீர்கள், விருந்தாளி ஒருவர் கோபமாக வந்தால் என்ன செய்வீர்கள், இவ்வளவுதான். பிள்ளைகளில் பெரும்பாலானோர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றும் "இல்ல சேர்" என்றும் சொன்னார்கள். பாடசாலையில் நல்ல பேறு எடுத்த ஒரு பெண் பிள்ளை எல்லாக் கேள்விக்கும் "ம்" மட்டும்தான். இரண்டு பேரைத்தான் எடுத்தார்கள். சான்றிதழில் குறையில்லை, ஆனால் இந்த வேலை முழுக்க முழுக்க முகத்தைப் பார்த்துச் செய்கிற வேலை என்று முகாமையாளர் எங்களிடம் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

இதற்குக் காரணம் என்ன? போன்தான் என்று உடனே சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. நமது பாட்டன்மார் துரைக்கு முன்னால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்துதான் பேசினார்கள். மேலே பார்த்துப் பேசினால் திமிர் பிடித்தவன் என்று பெயர். அந்தப் பயத்தை மரியாதை என்ற பெயரில் பிள்ளைகளுக்கும் பழக்கிவிட்டோம். அது போனுக்கு முந்திய கதை.

ஆனால் அந்தப் பாட்டன்மார் துரைக்கு முன்னால் தலை குனிந்தாலும் தங்களுக்குள் வாய் நிறையப் பேசினார்கள் என்பதை மறக்கக் கூடாது. பீலிக்கரையில் வாளியை வைத்துவிட்டுப் பேசாத பேச்சா? பிரட்டுக்களத்தில், கொழுந்து மடுவத்தில், இஸ்தோப்பில் உட்கார்ந்து பேசாத கதையா? மாசி மாதத்துக் காமன் கூத்தில் சின்னப் பையன்கள் கூட ஊர் பார்க்க நின்று ஆடினார்கள். தோட்டத்தில் ஒரு சாவு விழுந்தால் கேதம் சொல்ல ஆள் போவார். டிவிஷன் டிவிஷனாக நடந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே இருப்பது வயசான தாயா, பிள்ளைத்தாச்சியா என்று பார்த்து, அதற்கேற்றபடி மெதுவாகச் சேதியைச் சொல்வார். கூடப் போகிற பையன் அதைப் பார்த்தே பழகிக்கொள்வான். இன்று சாவுச் சேதி ஸ்டேட்டஸில் வருகிறது. கும்பிடுகிற இரண்டு கையும் ஒரு பூவும் போட்டால் வேலை முடிந்தது. பிறகு சாவு வீட்டுக்கு வருகிற இளைஞர்கள் என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலிலேயே போனைப் பார்த்துக்கொண்டு நிற்பதை நாங்கள் பல முறை கண்டிருக்கிறோம். அவர்களுக்குத் துக்கம் இல்லாமல் இல்லை. துக்கத்தைச் சொல்லிப் பழக்கம் இல்லை.

குறுஞ்செய்தி எப்படி வந்தது என்பதையும் கொஞ்சம் பார்ப்போம். 1992 டிசம்பர் 3ஆம் திகதி இங்கிலாந்தில் நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியியலாளர் கணினியிலிருந்து ஒரு கைத்தொலைபேசிக்குக் கிறிஸ்மஸ் வாழ்த்து அனுப்பினார். உலகின் முதல் குறுஞ்செய்தி அதுதான். ஒரு செய்தியில் ஆங்கில எழுத்து 160 போடலாம். தமிழில் எழுதினால் 70தான். அதிலும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் கணக்கு. 'அம்மா' என்பது நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து! ஆகவேதான் தமிழை ஆங்கில எழுத்தில் சுருக்கிச் சுருக்கி எழுதும் பழக்கம் பரவியது. வாட்ஸ்அப்பில் இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. சுருக்குகிற பழக்கம் மட்டும் போகவில்லை.

சுருக்கும்போது என்ன போகிறது? 'சரி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தோஷமாகச் சொல்கிற சரி ஒன்று. "சரி சரி, போ" என்று அலுத்துக்கொள்வது இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு "சரிங்க" என்பது வேறு. "சரீ..." என்று இழுத்தால் நம்பவில்லை என்று அர்த்தம். எழுத்தில் எல்லாம் ஒரே சரிதான். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில், கொழும்புக் கடையில் நிற்கும் மகனுக்கு "இந்த மாசம் காசு அனுப்ப முடியுமா" என்று தகப்பன் மெசேஜ் போட, அவன் கடையில் ஆள் நிறைய நின்றதால் அவசரமாக "சரி" என்று மட்டும் அனுப்பிவிட்டான். மகன் வெறுப்பாகச் சொல்கிறான் என்று தகப்பன் எடுத்துக்கொண்டார். தீபாவளி வரை இரண்டு பேரும் பேசவில்லை. மகன் வந்து வாசலில் நின்றபோது ஒரு நிமிஷத்தில் தீர்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1990களில் குவைத்துக்கும் சவூதிக்கும் போன தாய்மார் கெசட்டில் பேசி அனுப்புவார்கள். ஊருக்கு வருகிறவர் கையில் அது வந்து சேர மாதக்கணக்காகும். குரல் மட்டும் வரும், முகம் வராது. ஊருக்குத் திரும்பிய தாயைப் பார்த்து யாரோ என்று பயந்து ஓடிய பிள்ளைகள் உண்டு. இன்று தாயின் முகத்தைத் தினமும் பார்ப்பதும் போனில்தான். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது பாடமும் போனில்தான் வந்தது. சிக்னல் தேடி மலை உச்சிக்கு ஏறிய பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியும். ஆகவே போனைப் பிடுங்கி அடுப்பில் போடுங்கள் என்று யாராவது சொன்னால் நாங்கள் ஒத்துக்கொள்ள மாட்டோம். மேலும், பிள்ளையைத் திட்டுகிற பெற்றோரே இரவுச் சோற்றைப் பிசைந்துகொண்டு மற்றக் கையால் டிக்டொக் தள்ளுகிறார்கள். பிள்ளை யாரைப் பார்த்துப் படிக்கும்?

அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தினர் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 11, 12 வயதுப் பிள்ளைகள் 51 பேரை ஐந்து நாள், போனும் தொலைக்காட்சியும் கணினியும் இல்லாத ஓர் இயற்கை முகாமில் தங்க வைத்தார்கள். அதே பாடசாலையின் மற்ற 54 பேர் வழக்கம்போல இருந்தார்கள். முன்னும் பின்னும் இரு பகுதியாருக்கும் முகப் படங்களையும், சத்தம் இல்லாத படக்காட்சிகளையும் காட்டி, இவருக்குக் கோபமா, கவலையா, பயமா என்று கேட்டார்கள். முகாமுக்குப் போனவர்கள் அதிகமாக முன்னேறியிருந்தார்கள். இது சின்ன ஆய்வுதான். போன் இல்லாததாலா, எந்நேரமும் கூடியிருந்து பேசியதாலா என்பதை அது பிரித்துச் சொல்லவில்லை. ஆனாலும் ஐந்து நாளில் மாற்றம் தெரிந்தது என்பது நமக்குத் தைரியம் தருகிறது.

பாசிக்குடாவில் எங்களிடம் மீதம் இருந்தது நாலு நாள். நேர்முகப் பரீட்சையில் தோற்ற பிள்ளைகள் வாடிப்போய் இருந்தார்கள். பின்னேரம் மூன்று மணிக்குப் போன்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு வாங்கிக்கொண்டோம். முதல் நாள் முணுமுணுத்தார்கள். அந்தக் கடலில் இடுப்பளவுத் தண்ணீரில் வெகு தூரம் நடந்து போகலாம். ஆகவே முதலில் கடலில் விட்டோம். பிறகு ஒரு வேலை கொடுத்தோம். கரையில் இருக்கிற முன்பின் தெரியாத ஒருவரிடம் போய்ப் பேசிவிட்டு, அவரைப் பற்றி மூன்று விஷயம் வந்து சொல்ல வேண்டும்.

எல்லாக் கேள்விக்கும் "ம்" சொன்ன அந்தப் பிள்ளை, இன்னொரு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் போனாள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். "எந்த ஊரு புள்ள?" என்று அவரே கேட்டார். இவள் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை, திரும்ப விளக்கிச் சொன்னாள். அவர் பேச்சில் அடிக்கடி "மறுகா" வந்தது. அது என்ன தாத்தா என்று கேட்டாள். 'பிறகு' என்பதைத்தான் மட்டக்களப்பில் அப்படிச் சொல்வோம் என்று சிரித்தார். மெசேஜில் வந்திருந்தால் விளங்காமலே ஒரு "ம்" போட்டுவிட்டுப் போயிருப்பாள்.

பிறகு அவர் 2004 டிசம்பர் 26 பற்றிச் சொல்லத் தொடங்கினார். சுனாமி வந்தபோது நமது பிள்ளைகள் பிறந்திருக்கவில்லை. கடல் கொண்டுபோனவர்களில் அவருடைய மனைவியும் ஒருவர். சொல்லிவிட்டு வலையைப் பார்த்தபடி இருந்துவிட்டார். மற்றப் பிள்ளை எங்களைத் திரும்பிப் பார்த்தது. இவள் மணலில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "இப்ப யாரு தாத்தா உங்களுக்குச் சமைச்சுக் குடுக்குறாங்க?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மகள் வீட்டைப் பற்றியும் பேரப்பிள்ளைகளைப் பற்றியும் இருட்டும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வியை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசி நாள் காலையில் இன்னொரு முறை பேசிப் பார்க்கலாமா என்று அவளே எங்களிடம் கேட்டாள். முகாமையாளர் பத்து நிமிஷம் ஒதுக்கினார். உள்ளே என்ன பேசினாள் என்று நாங்கள் கேட்கவில்லை. இந்த வருடத்துக்கு இடம் முடிந்துவிட்டது, அடுத்த சீசனுக்கு மே மாதம் வரச் சொல்கிறார்கள் என்று வெளியே வந்து சொன்னாள். மற்றவர்களில் இரண்டு பையன்கள் கடைசி வரை வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு ஐந்து நாள் போதாது.

ஆகவே இதைத் தோட்டத்திலேயே தொடர்ந்து செய்ய முடிவு செய்துள்ளோம். மாதா மாதம் போயா தினத்தன்று பின்னேரம் மூன்று மணிக்குப் பிள்ளை மடுவத்தில் கூடுவோம். நேர்முகப் பரீட்சையைப் போல ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுப் பழகலாம். முன்பு கேதம் சொல்லப் போன பெரியவர்களும் காமன் கூத்து மாஸ்டரும் வர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பெற்றோரும் வரலாம், வந்தால் அவர்களும் போனைப் பையில் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து தாய் அழைக்கிற நேரமாக இருந்தால் அந்தப் பிள்ளை மட்டும் போனைக் கையிலேயே வைத்திருக்கலாம்.