கணக்கிலும் கனிவு

மாதக் கடைசி. சிறிய அச்சகம் ஒன்றின் உரிமையாளர் மேசைமுன் அமர்ந்திருப்பதாகக் கொள்ளலாம். அவர் முன் மூன்று காகிதங்கள் உள்ளன. முதலாவது, ஒரு பள்ளிக்கு அச்சிட்டுக் கொடுத்த விடைத்தாள்களுக்காக அவர் எழுத வேண்டிய பில். இரண்டாவது, மூன்று மாதங்களாகப் பாக்கி வைத்துள்ள வாடிக்கையாளருக்கு எழுத வேண்டிய நினைவூட்டுக் கடிதம். மூன்றாவது, காகிதம் கொடுத்த வியாபாரி அவருக்கு அனுப்பியுள்ள பில்.

காலையில் வழிபாட்டில் அமர்ந்து மனத்தை அமைதிப்படுத்திக் கொண்டவர்தாம் அவர். ஆயினும் இரண்டாம் காகிதத்தைத் தொட்டதும் சினம் எழுகிறது. மூன்றாம் காகிதத்தைக் கண்டதும் கை தானாகவே அதனை அடியில் தள்ளிவிடுகிறது. காலையில் பெற்ற அமைதி கணக்குப் புத்தகம் வரை வருகிறதா என்பது இத்தகைய வேளையில்தான் தெரியும்.

திருக்குறளில் இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல், நடுவுநிலைமை என்பவை 10, 11, 12 ஆகிய அதிகாரங்களாக அடுத்தடுத்து அமைந்துள்ளன. நடுவுநிலைமை அதிகாரத்தின் இறுதிக் குறள் வணிகரைப் பற்றியது. பிறர் பொருளையும் தம் பொருள் போலவே பேணுவதுதான் வணிகம் என்பது அதன் கருத்து. இனிய சொல், நன்றி, நடுவுநிலை ஆகிய இம்மூன்றும் அச்சக உரிமையாளரின் மூன்று காகிதங்களுக்கும் பொருந்துகின்றன.

தெளிவே முதல் மரியாதை

பில் என்பது வணிகர் எழுத்தில் கொடுக்கும் வாக்கு. என்ன பொருள், எத்தனை, என்ன விலை, எவ்வளவு வரி, எந்தத் தேதிக்குள் பணம் தர வேண்டும் என்பவை அதில் ஐயத்திற்கு இடமின்றி இருக்க வேண்டும். வாங்கியவர் தொலைபேசியில் அழைத்து விளக்கம் கேட்கும்படி விடுவது, அவருடைய நேரத்தை வீணாக்குவதாகும். பேசியபோது சொல்லாத கூலியையோ வண்டிச் செலவையோ பில்லின் கடைசி வரியில் சேர்ப்பது நம்பிக்கையைக் குலைக்கிறது. கடைசியில் ‘நன்றி, மீண்டும் வருக’ என்று அச்சிட்டிருந்தாலும் அந்தக் காயம் ஆறாது.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்கு முறைப்படி பில் கொடுக்காமலிருப்பதை நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாகச் சேர்த்துள்ளது. உணவகங்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025-இல் அதனை உறுதி செய்தது. உபசரித்தவருக்கு மனமுவந்து தரும் அன்பளிப்பு நன்றியாகும். கேளாமலே பில்லில் ஏற்றப்பட்டால் அது வெறும் கட்டணமாகிவிடுகிறது.

கேட்கும் முறை

பணம் வராததற்குக் காரணம் எப்போதும் தீய எண்ணமாக இருப்பதில்லை. பில் வேறு மேசைக்குப் போயிருக்கலாம். ஒப்புதல் தர வேண்டியவர் விடுப்பில் இருக்கலாம். தொகையில் ஐயம் இருந்தும் கேட்கத் தயங்கியிருக்கலாம். ஆகவே முதல் நினைவூட்டலில் குற்றச்சாட்டுக்கு இடமில்லை. “சென்ற மாதம் 5-ஆம் தேதி அனுப்பிய பில் தங்களுக்குக் கிடைத்ததா என்று அறிய விரும்புகிறோம். கணக்கில் ஏதேனும் ஐயம் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறோம்” என்று எழுதினால், மறந்தவருக்கு நினைவு வரும், இடரில் இருப்பவருக்கு வாய்திறக்கத் துணிவு வரும். பலர் முன்னிலையில் பாக்கியைச் சொல்லிக் காட்டினால் ஒருவேளை பணம் வந்து சேரலாம். மனிதர் திரும்பி வரமாட்டார்.

வங்காளத்து வணிகர்கள் இதற்கு அழகான வழி கண்டனர். அங்குப் புத்தாண்டு நாளான பொய்லா பைசாக் அன்று ‘ஹால்காதா’ என்னும் புதுக்கணக்கு தொடங்குவார்கள். வாடிக்கையாளர்களைக் கடைக்கு அழைத்து இனிப்பு வழங்குவார்கள். வந்தவர்கள் பழைய பாக்கியைத் தீர்ப்பார்கள். கடன் கேட்கும் சங்கடம் அங்கே விருந்தோம்பலாக மாறிவிடுகிறது.

இனிமை என்பது உரிமையை விட்டுக்கொடுப்பதன்று. இரண்டு, மூன்று நினைவூட்டல்களுக்கும் பதில் வராவிட்டால் தேதியையும் தொகையையும் குறிப்பிட்டு உறுதியாகக் கேட்பது கடமையே. உறுதி இருக்குமிடத்தில் கடுமைக்குத் தேவையில்லை.

கொடுக்கும் முறை

மூன்றாம் காகிதமே மிகக் கடினமானது. தமக்கு வர வேண்டியதைப் பற்றி நினைவு கூர்மையாக இருக்கிறது. தாம் தர வேண்டியதைப் பற்றியோ மங்கிவிடுகிறது. பெரிய நிறுவனத்திற்கு ஒரு மாதத் தாமதம் பேரேட்டில் ஒரு வரி மட்டுமே. சிறிய வியாபாரிக்கு அதுவே தொழிலாளியின் சம்பளம். பிள்ளையின் பள்ளிக் கட்டணம்.

இதனை உணர்ந்தே, குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் (2006) ஒரு வரம்பை வகுத்தது. அச்சட்டத்தின்கீழ் வரும் குறு, சிறு தொழில்களிடம் பொருளோ சேவையோ பெறுபவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குமேல் தாமதிக்கலாகாது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். ஆனால் நன்றியுள்ளவர் 45-ஆம் நாள் வரை காத்திருப்பதில்லை. தக்க சமயத்தில் நல்ல பொருள் கொடுத்து உதவியவருக்குத் தக்க சமயத்தில் பணம் கொடுப்பதே உண்மையான நன்றி.

குஜராத்தில் தீபாவளியன்று வணிகர்கள் புதிய கணக்குப் புத்தகத்தை வைத்துப் பூஜிப்பார்கள். அதில் ‘சுபம்’, ‘லாபம்’ என்று எழுதுவது மரபு. நன்மை முதலில், ஆதாயம் அதற்குப் பின். பிறருக்குத் துன்பம் தந்து ஈட்டியது ஏட்டில் லாபமாகத் தெரியலாம்; சுபமாகாது.

பயிற்சிக்கு

• பில் எழுதி முடித்ததும், அதைப் பெறுபவரின் இடத்திலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தல்.
• சினத்தோடு எழுதிய நினைவூட்டலை அன்றே அனுப்பாமல் மறுநாள் காலை திருத்துதல்.
• பணம் கிடைத்த அன்றே ரசீதும் நன்றியும் அனுப்புதல்.
• தர இயலாதபோது ஒளிந்துகொள்ளாமல், தர இயலும் தேதியைத் தாமே முன்வந்து சொல்லுதல்.
• வாரம் ஒருமுறை, வர வேண்டியதைப் பார்க்குமுன் தர வேண்டியதைப் பார்த்தல்.

அச்சக உரிமையாளர் இதனைச் சிந்தித்தால் முதலில் எடுக்கும் காகிதம் எதுவாக இருக்கும்? அடியில் தள்ளிய மூன்றாவதையே அவர் மேலே எடுப்பார். முழுத்தொகை கையில் இல்லாவிட்டாலும் ஒரு பகுதியை அனுப்பி, மீதிக்கு நாள் குறிப்பிடுவார். அப்படித் தந்த பின்னர் இரண்டாம் கடிதத்தை எழுத அமர்ந்தால், பாக்கி வைத்தவரின் இடரும் அவருக்குப் புரியும். சொல்லில் கனிவு தானே வந்துவிடும்.