ஆளுக்கொரு நாடு, நாட்டுக்கொரு பாட்டு: வாட்ஸ்அப்பில் ஒரு பாட்டுப் போட்டி நடத்தும் முறை

ஐரோப்பிய நாடுகள் பாட்டால் மோதிக்கொள்ளும் யூரோவிஷன் போட்டி 1956-ல் சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 7 நாடுகளோடு தொடங்கியது. அதன் ரசிகர்கள் தங்களுக்குள் இன்னொரு போட்டியையும் வெகுகாலமாக நடத்திவருகிறார்கள். மேடை கிடையாது, பாடகர் வரமாட்டார், பரிசும் இல்லை. ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு, அந்த நாட்டில் வெளிவந்த பாப் பாடல் ஒன்றை இணையத்தில் அனுப்புவார்கள். எல்லோரும் எல்லாப் பாட்டையும் கேட்டுப் புள்ளி போடுவார்கள். இதற்கு யூரோவிஷனைப் பார்த்திருக்கவே வேண்டியதில்லை. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு கூகுள் படிவம், ஒரு கூகுள் ஷீட் இருந்தால் நீங்களும் நடத்தலாம்.

பாட்டு சேர்ப்பது சுலபம். சேர்த்த பாட்டையெல்லாம் எல்லோரையும் முழுசாகக் கேட்க வைப்பதுதான் பாடு. கீழே சொல்லும் விதிகளில் பாதிக்கு மேல் அதற்காகவே.

முதலில் ஆட்கள்

12 முதல் 16 பேர் சரியான அளவு. 16 பாட்டு, பாட்டுக்கு மூன்றரை நிமிடம் என்றால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒரு பேருந்துப் பயணத்தில் கேட்டு முடித்துவிடலாம். முப்பது பேரைச் சேர்த்தால் குழு களைகட்டும். ஆனால் இருபதாவது பாட்டுக்கு மேல் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். பாரிஸில் சித்தி மகள், டொராண்டோவில் மாமா என்று சிதறிக் கிடக்கும் குடும்பக் குழுவாக இருந்தால் இன்னும் நல்லது. அந்தந்த ஊர் வானொலியில் என்ன ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

நாட்டைக் குலுக்கிப் போடுங்கள்

விருப்பம் கேட்டால் பாதிப் பேர் கொரியாவுக்குக் கை தூக்குவார்கள். சீட்டு எழுதிக் குலுக்குங்கள். வேண்டுமானால் ஒரே ஒருமுறை உங்கள் வழியாக நாட்டை மாற்றிக்கொள்ள அனுமதி கொடுங்கள். வசிக்கும் நாடே ஒருவருக்கு வந்தால் தடையில்லை. இந்தியாவை மட்டும் சீட்டிலேயே சேர்க்காதீர்கள். சேர்த்தால் அது இளையராஜாவா ரஹ்மானா என்ற பழைய பஞ்சாயத்தில்தான் போய் முடியும்.

எந்தப் பாட்டு செல்லும்?

நான்கு விதிகளை எழுதிக் குழுவின் மேலே பின் செய்துவிடுங்கள். நீளம், ஆண்டு, மொழி, பிரபலம். யூரோவிஷனில் பாட்டு 3 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் 4 நிமிடம் வரை விடலாம். கடந்த 2 ஆண்டுகளுக்குள் வெளிவந்த பாட்டு என்று வரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் யாராவது 1980-களின் பொக்கிஷத்தைத் தோண்டி எடுத்து வந்து எல்லோரையும் சாய்த்துவிடுவார்கள்.

மொழி விதிதான் சண்டைக்கு இடம். யூரோவிஷனே இதில் அலைபாய்ந்திருக்கிறது. சொந்த நாட்டு மொழியில்தான் பாட வேண்டும் என்று 1966-ல் விதித்தார்கள், 1973-ல் தளர்த்தினார்கள், 1977-ல் மறுபடி கொண்டுவந்தார்கள், 1999-ல் கைவிட்டார்கள். 1974-ல் ஸ்வீடனின் ஆபா குழு ‘வாட்டர்லூ’வை ஆங்கிலத்தில் பாடி வென்றது அந்த இடைவெளியில்தான். உங்கள் போட்டியில் உள்ளூர் மொழியைக் கட்டாயமாக்குங்கள் என்பேன். யாருக்கும் வரிகள் புரியாதபோது எல்லாப் பாட்டும் ஒரே கோட்டில் நிற்கும். மெட்டும் குரலும் மட்டுமே பேசும்.

பிரபலத்துக்கும் ஓர் உச்சவரம்பு வேண்டும். யூடியூபில் 5 கோடிப் பார்வையைத் தாண்டிய பாட்டு வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே தெரிந்த பாட்டுக்குக் கை தானாகப் போகும்.

தேடுவது எப்படி? ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் இரண்டிலும் நாடுவாரியான முன்னணிப் பட்டியல்கள் உண்டு. முதலிடத்தில் இருப்பதை அப்படியே எடுக்காதீர்கள். பல நாடுகளில் அது அமெரிக்கப் பாட்டாக இருக்கும். பட்டியலில் கீழே இறங்கி, உள்ளூர்ப் பெயராகத் தெரியும் பாடகரைப் பிடித்து, அவருடைய மற்ற பாடல்களுக்குள் போங்கள். கஜகஸ்தான் வந்தால் நைன்ட்டி ஒன் குழுவிலிருந்து தொடங்கலாம். கசாக் மொழியில் பாடும் இளைஞர்கள், அந்த நாட்டின் ‘கியூ-பாப்’ அலைக்கு வழி திறந்தவர்கள். இந்தோனேசியா வந்தவர் அதிர்ஷ்டசாலி. அங்குள்ள டாங்டுட் இசையில் இந்தி சினிமாப் பாட்டின் சாயல் கலந்திருக்கிறது, தாளம் நம் காதில் உடனே ஒட்டிக்கொள்ளும்.

கேட்க வைத்தல்

பாட்டுகள் உங்களுக்குத் தனிச் செய்தியாக வரட்டும். யார் எதை அனுப்பினார்கள் என்பது முடிவு வரும்வரை நடத்துநரான உங்களுக்கு மட்டுமே தெரிய வேண்டும். குலுக்கலையும் அப்படியே ரகசியமாக நடத்துங்கள். தெரிந்தால் அண்ணிக்குப் போட்ட புள்ளி, அண்ணிக்குப் போடாத புள்ளி என்று கணக்குப் பார்ப்பார்கள்.

எல்லாவற்றையும் ஒரே யூடியூப் பட்டியலாக்கி லிங்க் கொடுங்கள்; சந்தா இல்லாதவர்களுக்கும் அதுதான் வசதி. எம்பி3 கோப்புகளைச் சுற்றுக்கு விடாதீர்கள், அது காப்புரிமைச் சிக்கல். சில வீடியோக்கள் சில நாடுகளில் திறக்காது. ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்களைத் திறந்து பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வரிசையையும் குலுக்கியே போடுங்கள்.

கேட்க ஒரு வாரம் போதும். அதிகம் கொடுத்தால் கடைசி நாள்தான் ஆரம்பிப்பார்கள். நடுவில் ஒரு ஞாயிறு மாலை வீடியோ அழைப்பில் கூடி, பாதிப் பட்டியலையாவது சேர்ந்து கேளுங்கள். போட்டியின் சுவையே அந்தக் கேலியும் கூச்சலும்தான். கடைசியாக ஒரு கறார் விதி: வாக்குப் போடாதவரின் பாட்டு போட்டியிலிருந்து நீக்கப்படும். இது இல்லாமல் நடத்தாதீர்கள்.

புள்ளிகள்

‘பிடித்த ஒரு பாட்டைச் சொல்’ என்று கேட்டால் வாக்கு சிதறும். 1969 யூரோவிஷனில் ஒவ்வொரு நாட்டுக்கும் 10 நடுவர்கள், ஆளுக்கு ஒரே வாக்கு. முடிவில் ஸ்பெயின், பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்ஸ் நான்கும் 18 வாக்குகளோடு நின்றன. சமன் முறிக்க விதியே இல்லாததால் நான்கும் வென்றதாக அறிவித்தார்கள். 1975-ல் இன்றைய முறை வந்தது: முதலிடத்துக்கு 12, இரண்டாவதுக்கு 10, பிறகு 8, 7 என்று 1 வரை. இதில் பத்துப் பாட்டையாவது மனத்துக்குள் வரிசைப்படுத்தியே ஆக வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் கேட்டே ஆக வேண்டும். பதினொரு பேருக்குக் குறைவான குழுவென்றால் 6, 4, 3, 2, 1 என்று சுருக்கிக்கொள்ளுங்கள்.

கூகுள் படிவத்தில் கட்ட வடிவக் கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். வரிசைகளில் புள்ளிகளையும் பத்திகளில் நாடுகளையும் போடுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் பதில் கட்டாயம், ஒரு பத்திக்கு ஒரு பதில்தான் என்ற இரண்டு அமைப்புகளையும் இயக்குங்கள். அப்போது எந்தப் புள்ளியும் விடுபடாது, ஒரே பாட்டுக்கு இரண்டு முறை புள்ளி விழாது. கைபேசியில் பத்திகளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தன் பாட்டுக்குத் தானே புள்ளி போடுவதைப் படிவம் தடுக்காது. நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

கூட்டுச் சேர்வதையும் கவனியுங்கள். 2022-ல் யூரோவிஷனின் இரண்டாம் அரையிறுதியில் 6 நாடுகளின் நடுவர் வாக்குகளில் முறையற்ற போக்கு தெரிந்ததால் அவற்றை ரத்து செய்தார்கள். சந்தேகம் வந்தால் அந்த வாக்குச் சீட்டை ஒதுக்கும் உரிமை நடத்துநருக்கு உண்டு என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

சமன் முறிவுக்கு 1991 நல்ல பாடம். ஸ்வீடனும் பிரான்ஸும் தலா 146 புள்ளி. 12-களை எண்ணினார்கள், சமம். 10-களை எண்ணியபோது ஸ்வீடன் முந்தியது. உங்கள் ஷீட்டிலும் இதே முறை போதும்.

முடிவு அறிவிப்பு

மொத்தப் பட்டியலை ஒரே படமாகப் போட்டுவிட்டால் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வொருவரும் தம் புள்ளிகளைக் குரல் செய்தியாக, 1-லிருந்து தொடங்கி 12-ல் முடித்துச் சொல்லட்டும். எல்லாச் சீட்டும் உங்கள் கையில் இருப்பதால், கடைசி இரண்டு பேர் வரை வெற்றி தெரியாதபடி வரிசையை நீங்கள் அமைக்கலாம். இது கள்ளத்தனமல்ல, நடத்துநரின் கலை. பூஜ்யம் வாங்கியவரைத் தேற்ற ஒரு பெயர் உண்டு: நார்வேயின் யான் டைகன். 1978 யூரோவிஷனில் ஒரு புள்ளியும் பெறாத அவருடைய பாட்டு, ஊர் திரும்பியதும் சொந்த நாட்டில் பெரிய ஹிட்டானது.

அடுத்த சுற்றை வென்றவர் நடத்துவது மரபு. ஆனால் அவர் மறுத்தால் யார் என்பதை இப்போதே பேசிவையுங்கள். 1972, 1973 இரண்டு ஆண்டும் வென்ற லக்ஸம்பர்க், தொடர்ந்து இரண்டாம் முறை நடத்த மாட்டேன் என்று கைவிரித்துவிட்டது. 1974 போட்டியை பிபிசி ஏற்று பிரைட்டனில் நடத்தியது.